ஆவாரம்பட்டையும் பரங்கிப்பேட்டை இரும்பும்

(ஆம்பூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் இளைஞர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்கு ஒரு துறைமுகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "பாலாத்துலயே தண்ணி இல்ல, இவரு கடலுக்குப் போறாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரிதான். கடலையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்களில் நிறைய உண்டு. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனாலும் இந்தத் துறைமுகத்தின் கதையை ஆம்பூரில்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2025 ஜனவரியில் ஒரே வார இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. 23ஆம் தேதி, தமிழ் நிலத்தில் 5300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு பயன்பாட்டில் இருந்தது என்று முதலமைச்சர் அறிவித்தார். சிவகளையில் எடுத்த மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பிக் காலம் கணித்துச் சொன்ன செய்தி. அதற்கு முன்பே நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4000 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு என் கைப்பேசியில் எல்லோருடைய ஸ்டேட்டஸும் இரும்புதான். நானும் வைத்தேன், மறைக்கவில்லை. வேதத்தில் இருந்துதான் இந்த நாட்டில் எல்லாம் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு மண்ணுக்குள் இருந்து பதில் வந்தால் நமக்கு மகிழ்ச்சி இருக்காதா?

அடுத்த வாரம், 30ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தோல் ஆலைக் கழிவால் பாலாறும் நிலமும் கிணறும் கெட்டுப் போனதற்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடி, கெடுத்தவர்களிடம் அதை வசூலி என்று அரசுக்கு உத்தரவு. இதே நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பு அது. இடையில் 28 ஆண்டுகள். நம் ஊரைப் பற்றிய அந்தச் செய்தியை அன்றைக்கு எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தோம்? என் பட்டியலில் இரண்டு பேர்.

இரும்பு பெருமை, தோல் அசிங்கம். இந்த இரண்டும் இரண்டு வேறு கதைகள் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் இரண்டும் ஒரே கதை.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர்கள் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். மரக்காயர்களின் கப்பல்கள் ஓடிய ஊர். டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று வரிசையாக வந்து கிடங்கு போட்டார்கள், துணி வாங்கினார்கள், கப்பலேற்றினார்கள். 1781 ஜூலை 1ஆம் தேதி ஐதர் அலியின் படையை ஆங்கிலேயர் தோற்கடித்த சண்டையும் இந்த ஊர்ப் பக்கம்தான். பாடப்புத்தகத்தில் அந்த ஒரு வரிக்காக இந்தப் பெயர் வரும். அதற்குப் பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் வராது.

1830இல் இங்கே ஒரு இரும்பு ஆலை எழுந்தது. அமைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, சேலம் பக்கம் இருந்தபோது அங்கே இரும்பு உருக்குவதைப் பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, அரசிடம் தனி உரிமையும் கடனும் வாங்கி, ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலையைக் கடற்கரையில் கட்டினார். தாது எங்கிருந்து? சேலம் கஞ்சமலையில் இருந்து. மலையடிவாரத்தில் தாதுக் கற்களைப் பொறுக்கி, காவிரிக்குக் கொண்டுவந்து, பரிசலில் ஏற்றி, காவிரி வழியாகக் கொள்ளிடம் இறங்கி, அங்கிருந்து கால்வாய் வழியாக வெள்ளாற்றுக்குக் கொண்டுபோனார்கள். கடலோரத்தில் உருக்கி, வார்ப்பிரும்புக் கட்டிகளாக்கி, கப்பலில் இங்கிலாந்துக்கு. அங்கே ஷெஃபீல்டில் அது எஃகானது. கேரளத்தில் பேப்பூரிலும், சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும், திருவண்ணாமலையிலும் அந்தக் கம்பெனிக்கு உலைகள் இருந்தன. பூலாம்பட்டிக்கு இன்றைக்குச் சினிமா எடுக்கப் போகிறார்கள், படகு விடுகிறார்கள், 'குட்டி கேரளா' என்கிறார்கள். திருவண்ணாமலை நமக்கு ஜவ்வாது மலையைத் தாண்டினால் வரும் ஊர். ஆக இது ரொம்ப தூரத்துக் கதை இல்லை.

வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் குறுக்கே 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு இந்த இரும்பு போனது என்று பழைய மாவட்டக் கையேடுகள் பெருமையோடு எழுதி வைத்திருக்கின்றன. நம் ஆட்களும் அந்த ஒரு வரியை எடுத்து, "லண்டன்காரன் பாலத்தில் தமிழன் இரும்பு" என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள்.

யார் அந்தத் தமிழன்? அவனைத்தான் நான் தேடிப் போனேன்.

ஹீத் 1839இல் இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேலம் பக்கம் தான் பார்த்ததை அதில் விவரமாகச் சொல்கிறார். உலை நாலடி உயரம், மண்ணால் ஆனது, அடியில் அகலம், மேலே குறுகல். காற்று ஊதுவதற்கு இரண்டு துருத்திகள். அந்தத் துருத்திகள் ஆட்டுத் தோல். முழு ஆட்டை உரித்த தோல், வாயில் மூங்கில் குழாய். ஒன்று மாற்றி ஒன்று அமுக்கினால் காற்று நிற்காமல் போகும். மூன்று நான்கு மணி நேரம் ஒருவர் கை ஓயாமல் அமுக்க வேண்டும். அப்புறம் உலையை உடைத்துச் சிவந்த இரும்புக் கட்டியை வெளியே இழுத்து அடிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது ஒரு நிமிடம் நின்றேன். 5300 ஆண்டு இரும்பு என்று பேசுகிறோமே, அந்த நெருப்புக்கு மூச்சு கொடுத்தது தோல். செத்த ஆட்டையும் மாட்டையும் உரித்து, தோலைச் சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை சீவி, பட்டைத் தண்ணீரில் ஊற வைத்தவனின் கை. அந்தக் கையைத் தொட்டால் தீட்டு என்று ஊர் சொன்னது. கொங்குப் பக்கம் அந்த வேலையை அருந்ததியர் தலையில் கட்டினார்கள், நம் பக்கம் பறையர் தலையில். கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலும் தோல்தான். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் தீட்டில்லை. அந்தத் துருத்தியில் உருகிய இரும்பில் செய்த வாள் தீட்டில்லை, கோயில் கதவின் ஆணி தீட்டில்லை. தைத்தவன் மட்டும் சேரியில்.

இன்னும் இருக்கிறது. உருக்கிய இரும்பை எஃகாக்குவது அடுத்த வேலை. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் சொன்ன எஃகு இதுதான். இந்த எஃகின் மாதிரிகள் 1790களில் லண்டன் அரசவை அறிவியல் கழகத்துக்குப் போயின. 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வகத்தில் இதைப் போட்டு உருட்டினார், இரகசியம் முழுதாகப் பிடிபடவில்லை. அந்த எஃகை நம்மவர்கள் எப்படிச் செய்தார்கள்? சின்னச் சின்ன மண் மூசைகள். அதில் துண்டு போட்ட இரும்பு. கூடவே காய்ந்த ஒரு செடியின் குச்சிகள். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. களிமண்ணால் வாயை மூடி, இருபது இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் ஊதினால் எஃகு. அந்தக் காய்ந்த செடி எது தெரியுமா?

ஆவாரை.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு வருகிறது பாருங்கள். அவர்களுக்குத் தெரியும். குரோமியம் வருவதற்கு முன்னால் இந்த ஊர்த் தோல் முழுக்க ஆவாரம்பட்டையில்தான் பதம் ஆனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும். வெள்ளைக்காரன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பேர் வாங்கியது அந்தப் பட்டையின் நிறமும் மணமும்தான். எங்கள் ஆயா பட்டை இடிக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். அவர் பக்கத்தில் படுத்தால் ஒரு துவர்ப்பு வாசனை வரும் என்று எங்கள் நைனா சொல்வார். மேட்டு நிலத்தில் யாரும் நடாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஒரு செடி. ஒரு மாவட்டத்தில் அது இரும்பை எஃகாக்கியது, இன்னொரு மாவட்டத்தில் தோலைப் பதமாக்கியது. இரண்டு இடத்திலும் அதைப் பறித்து, உலர்த்தி, எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்து போட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்கள்.

அதே கட்டுரையில் ஹீத் ஒரு கேள்வி கேட்கிறார். இவ்வளவு நுட்பமான முறையை இவர்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? அறிவியல் முறையில் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் இதன் விளக்கம் நவீன வேதியியல் வந்த பிறகுதான் நமக்கே புரிகிறது என்கிற பொருளில் எழுதுகிறார். அதாவது செய்முறை சரி, விளைவு அபாரம், ஆனால் அறிவு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஹீத் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்சம் உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்தார். நம் ஊர் ஏடுகளை எழுதியவர்கள் அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பார்களா? கையால் செய்கிறவனுக்கு மூளை கிடையாது, மூளை உள்ளவன் கையால் தொடமாட்டான் என்று நம் சமூகம் வைத்த ஏற்பாட்டை வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் எழுதினான், அவ்வளவுதான்.

ஹீத்தின் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன், சுவாரசியமானது. அவர் ஷெஃபீல்டில் ஒரு கண்டுபிடிப்பு செய்தார். உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மலிவான இரும்பில் இருந்தும் நல்ல எஃகு வரும். அது அவர் மூளைதான், அதில் சந்தேகம் கிளப்ப எனக்கு விருப்பம் இல்லை. 1839இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய முகவராகவே இருந்த அன்வின் என்பவர் செய்முறையைக் கொஞ்சம் மாற்றி, இது வேறு முறை, காசு தரமாட்டேன் என்றார். வருடக்கணக்கில் வழக்கு. 1851இல் ஹீத் இறந்துபோனார். வழக்கு சாகவில்லை. 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த மாங்கனீசால் கொழித்தார்கள். இங்கிலாந்தின் தொழில் வரலாற்றில் ஹீத்தை ஏமாற்றப்பட்ட கண்டுபிடிப்பாளர் என்று பரிதாபப்பட்டு எழுதுகிறார்கள். பரிதாபம் நியாயமானதுதான். அவரிடம் ஒரு காகிதம் இருந்தது, அதனால் அவர் ஏமாற்றப்பட்டது தெரிந்தது. ஆவாரைக் குச்சியை மூசைக்குள் வைத்தவனிடம் காகிதம் இல்லை. அவன் ஏமாற்றப்பட்டான் என்று எழுதுவதற்குக்கூட ஒரு வழக்கு எண் இல்லை.

சரி, ஆலையில் யார் வேலை செய்தது? அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஹீத் இருக்கிறார், பங்குகள் இருக்கின்றன, அரசு கொடுத்த கடன் இருக்கிறது. கஞ்சமலையில் கல் பொறுக்கியவர், மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டவர், பரிசல் தள்ளியவர், உலை வாயில் நின்றவர் எல்லோரும் 'கூலிகள்'. ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு போனது 1843இல்தான். பரங்கிப்பேட்டை ஆலையில் நெருப்பு வைத்தது 1830இல். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும், ஆலையைச் சுற்றி இருந்த வயல்களில் பறையரையும் பள்ளரையும் நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம், வாங்கலாம். சட்டம் கண்டுகொள்ளாது. ஒரு பக்கம் ஐரோப்பாவின் நவீனத் தொழில்நுட்பம், ஊதுலை, பங்குச் சந்தை. கூப்பிடு தூரத்தில் பண்ணையடிமை. நவீனம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று இன்றைக்கும் நம்மிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நவீனத்துக்குச் சாதி மலிவாகக் கிடைத்தது, அதை ஏன் அது விரட்டப் போகிறது?

ஆலை ஏன் செத்தது? கரிதான் முதல் காரணம். பெரிய உலை மரத்தைத் தின்றுகொண்டே இருந்தது. பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்த காடு, அதுவும் தீர்ந்தால் அதற்கும் தூரம். இங்கிலாந்தில் நிலக்கரியில் உருக்கிய இரும்பு மலிந்து, நம் நாட்டுக்கே கப்பலில் வந்து இறங்கியது. 1853இல் புதிய பெயரில், புதிய மூலதனத்தோடு கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். நிற்கவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பெனியும் கலைந்தது. கப்பல் கரைக்கு வர முடியாத அந்த ஆற்று முகத்துவாரத்தில், துணி வியாபாரமும் போய், இரும்பும் போய், துறைமுகம் மீன்பிடி ஊராகச் சுருங்கியது.

ஆனால் உலை அணைந்ததோடு முடியவில்லை. சேலம் மலையடிவாரத்தில் நாலடி உலை வைத்திருந்தவர்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? இறக்குமதி இரும்பு அவர்கள் சந்தையைத் தின்றது. 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காட்டில் போய்க் கரி சுட்டால் குற்றம். மரத்தைத் தின்று தீர்த்தது யார், தண்டனை யாருக்கு? சில பத்தாண்டுகளில் அந்தத் தொழில் முடிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டு அறிவு, இரண்டு தலைமுறையில் காலி. அவர்கள் கூலிக்குப் போனார்கள், சிலர் கப்பல் ஏறினார்கள். பிறகு நாம் மண்ணைத் தோண்டி, அவர்களுடைய மூதாதையர் விட்டுப்போன இரும்புத் துண்டை எடுத்து, காலம் கணித்து, பெருமைப்படுகிறோம்.

போன வருடம் நான் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். காட்பாடி போய், விழுப்புரம் ரயில் பிடித்து, சிதம்பரத்தில் இறங்கினேன். சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியை வெளியில் இருந்து பார்த்துவிட்டு, டவுன் பஸ் ஏறினேன். தர்காக்கள், பழைய திண்ணை வீடுகள், மீன் வாடை. வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. இரும்பு ஆலை இருந்த இடம் எது என்று ஆட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "கரன்ட் கம்பெனியா சார்?" என்றார். பக்கத்தில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் இருக்கிறது, அதைச் சொல்கிறார். டீக்கடையில் கேட்டேன். பழைய இரும்புக் கடைக்கு வழி சொன்னார்கள். மூன்றாவதாக, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "வெள்ளக்காரன் காலத்துல ஏதோ இருந்திச்சாம். எங்க தாத்தாவும் கேள்விப்பட்டதுதான்" என்றார். பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்றார். ஆம்பூர் என்றேன். "பிரியாணியா?" என்றார்.

எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதிலும் ஒரு கதை உண்டு, உங்களுக்கே தெரியும். 2022 மே மாதம் இதே ஊரில் அரசு பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை என்றது. சத்தம் எழுந்ததும் மழையைக் காரணம் சொல்லித் தள்ளி வைத்தார்கள். மாட்டுத் தோலில் ஊர் பிழைக்கலாம், அந்நியச் செலாவணி வரலாம். மாட்டுக்கறிக்கு ஒரு மேசை போட முடியாது. இதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்ன "ஏதோ இருந்திச்சாம்" என்ற சொல் என்னைத் திரும்பி வரும் வழியெல்லாம் துரத்தியது. நூற்றைம்பது ஆண்டு கழித்து ஆம்பூரில் ஒரு ஆட்டோக்காரரிடம் யாராவது, "இங்கே டேனரி இருந்ததாமே, எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வார்? இங்கே மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கும். நம் மண்ணில் தடயம் அழியாது.

இராணிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய இரசாயனங்களைச் செய்த ஒரு ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகும். ஆவாரம்பூவும் மஞ்சள்தான். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டபோது அதில் இராணிப்பேட்டை இருந்தது. 2015 ஜனவரி 31ஆம் தேதி அதே ஊர்த் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். நம் ஆட்கள் செய்ய மறுக்கத் தொடங்கிய வேலையை இப்போது அவர்கள் செய்கிறார்கள். அவர்கள் பெயர்கள் உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குப் பேப்பரைத் தேடித்தான் தெரிந்தது.

என் தாத்தா, அம்மா வழித் தாத்தா, கோலார் தங்கவயலுக்குப் போனவர். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை, அங்கிருந்து சுரங்கம். நம் சேரிகளில் தங்கவயலுக்கு ஆள் அனுப்பாத குடும்பம் குறைவு. ஊரில் பண்ணை வேலைக்குப் பயந்து பூமிக்கு அடியில் போனார்கள், ஏனென்றால் பூமிக்கு அடியில் 'டேய்' என்று கூப்பிட ஆண்டை இல்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. சயனைடு மேடு இருக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் இன்றைக்கும் வீட்டுக்குள் வருகிறது.

இப்போது பரங்கிப்பேட்டை, தங்கவயல், இராணிப்பேட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்றுமதி ஆனதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை டன், எந்தக் கப்பல், எவ்வளவு விலை. தங்கிப்போனதற்குக் கணக்கு இல்லை. கழிவு தங்கியது, ஆட்கள் தங்கினார்கள். 1996 தீர்ப்பு அந்தக் கணக்கைக் கேட்ட முதல் பெரிய முயற்சி. அதனால்தான் 28 ஆண்டுகள் இழுத்தார்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இழப்பீட்டுக்குக் கணக்கெடுத்தபோது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது நிலம். நிலம் உள்ளவனுக்குப் பட்டா இருக்கிறது, கிணறு இருக்கிறது, பயிர் நட்டம் காட்டலாம். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுண்ணாம்புத் தொட்டிக்குள் வெறுங்காலோடு இறங்கி நின்றவனுக்கு என்ன பட்டா? அவன் தோல்தான் அவன் நிலம். அதில் குரோமியம் போட்ட ஓட்டைக்கு எந்தக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுவார்?

அவசரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோல் தொழில் சுருங்கிக்கொண்டிருக்கிறது. தோலே இல்லாத காலணி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் செய்யாறு, பனப்பாக்கம் பக்கம் வருகின்றன. நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். அது வேறு ஒரு பேச்சு, தங்கைகள் யாராவது அடுத்த மாதம் பேசுங்கள். பழைய டேனரிகள் ஒன்றொன்றாகப் பூட்டு போடுகின்றன. பூட்டும்போது முதலில் காணாமல் போவது எது? மஸ்டர் ரோல். வருகைப் பதிவேடு. அது போனால் பி.எஃப். போகும், கிராஜுட்டி போகும், 'இவன் இங்கே இருபது வருஷம் வேலை செய்தான்' என்பதற்கான ஒரே சாட்சி போகும். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவனுக்கு அந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

எங்கள் நைனாவுக்கு நடந்தது அதுதான். அவர் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம், முதலாளியும் இப்போது இல்லை. பத்தொன்பது ஆண்டுகள். மூடியபோது பதிவேட்டைக் கேட்டோம். வெள்ளத்தில் போய்விட்டது என்றார்கள். எந்த வெள்ளம்? பாலாற்றில் நான் பார்த்து அதுவரைக்கும் முழங்கால் தண்ணீர்கூட வந்ததில்லை. நைனா சிரித்தார். "விடுடா, ஆத்துல தண்ணி வந்துச்சுன்னாவது சொன்னாங்களே" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவரிடம் மிஞ்சியது ஒரு பித்தளை டோக்கன். காலையில் கேட்டில் கொடுத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொண்டு வர வேண்டிய டோக்கன். கடைசி நாள் கேட்டில் ஆள் இல்லாததால் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. நம்பர் மட்டும் இருக்கிறது, 214. பெயர் இல்லை. இதோ இந்த மேசையில் வைத்திருக்கிறேன், பேச்சு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கும். டோக்கன், சம்பளக் கவர், ஈ.எஸ்.ஐ. அட்டை, சங்கச் சந்தா ரசீது, தொழிற்சாலை வாசலில் நின்று எடுத்த போட்டோ. அடுத்த மாதம் வரும்போது கொண்டு வாருங்கள். இரண்டு தம்பிகள் ஸ்கேன் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த டேனரி, எந்த வருஷத்தில் இருந்து எந்த வருஷம் வரை, என்ன வேலை, கையிலும் காலிலும் என்ன வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். தொட்டி வேலையா, சீவல் வேலையா, பட்டை இடிப்பா, அதையும் பிரித்து எழுதுங்கள். பெயரை இன்ஷியலோடு எழுதுங்கள்.

ஆயாக்கள் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். ஒரு தோலுக்கு எத்தனை படி ஆவாரம்பட்டை என்பதை அவர்கள் இன்னும் மனக்கணக்காகச் சொல்வார்கள்.